பிழைக்கார மாமி

பிழை விடுவதில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையை வியாழன் என்பார். கோழிக்கு நாலு கால் என்பார். கண்டி வாவிக் கரையில் முதலை வெயில் காய்வதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டதாக ஒரு சின்னப் பிள்ளையிடம் சாதிப்பார். அந்தப் பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது முதலை இல்லை, கபரகொய்யா என்று திருத்தும். கரையில் கிடக்கும் அந்தப் பெரிய உடும்பைத் தெரியாத பிள்ளை கண்டியில் ஏது? உடனே மாமியின் முகம் மலர்ந்துவிடும். "அப்ப நான்தான் பிழை" என்று ஒத்துக்கொள்வார். அவரை வென்றுவிட்ட சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை வீடுவரைக்கும் ஓடும்.

பிழைக்கார மாமி என்ற பெயர் அப்படி வந்ததுதான். வைத்தவர்கள் பிள்ளைகள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பிழைக்காரி என்றால் குற்றம் செய்தவள் என்றும் ஒரு பொருள் இருப்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டுத்தான் திரும்புவார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள். புருஷர் ரயில்வேயில் கிளாக்கர். நாவலப்பிட்டியில் இருந்து மாற்றலாகி வந்து கட்டுக்கலையில் எங்களுக்கு எதிர்வீட்டில் குடியேறினார்கள். நாங்கள் சோனகர், முஸ்லிம் ஆட்கள், வாப்பாவுக்குக் கொழும்பு வீதியில் புடவைக் கடை. அவர்கள் சைவக்காரர், மாமியின் நெற்றியில் திருநீறு இல்லாத நேரத்தை நான் கண்டதில்லை. பிள்ளை குட்டி இல்லை. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் இருந்து அடுப்படிவரைக்கும் சின்னக் கால்களின் சேற்றுத் தடம் இருந்துகொண்டே இருக்கும். வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே ரகம். பள்ளிக்கூடத்தில் மொக்கு என்று பெயரெடுத்தவர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை எதுவும் வந்தால் ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுவார்.

மெலிந்த, நெட்டையான பெண். கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால் இரண்டு விரலை உதட்டின்மேல் வைத்து அழுத்திக்கொள்வார். பிள்ளை பதில் சொல்லும்வரை அந்த விரல் இறங்காது. மணிக்கூடு ஓடும். பேராதனைப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போகும். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணக்கும். எழும்பமாட்டார். அந்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் கருகின சோறுதான். புருஷர் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். அந்த மனுஷனுக்குச் சொர்க்கம் நிச்சயம் என்று உம்மா சொல்வா. மாமிக்குப் பல் கொஞ்சம் மிதப்பு. அதை மறைக்கத்தான் விரலை வைக்கிறார் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நானும் மொக்குதான். சும்மா மொக்கு இல்லை, பட்டப்பெயர் வைத்த மொக்கு.

எனக்கு முதலில் வந்தது அரபு எழுத்து. வீட்டுக்கு வந்து ஓதிக்கொடுத்த லெப்பை, அலிபு, பே என்று வலது பக்கமிருந்து தொடங்கி என் விரலைப் பிடித்து நகர்த்திப் பழக்கினார். அது என் கையிலும் கண்ணிலும் ஊறிவிட்டது. பிறகு தெருக்கோடித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கே கரும்பலகையில் வாத்தியார் "பலா" என்று எழுதி என்னை வாசிக்கச் சொன்னார். நான் எனக்குப் பழகின பக்கத்தில் இருந்து தொடங்கி, "லாப" என்றேன். வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைக்காரன் பிள்ளைக்கு மரத்திலும் லாபம்தான் காய்க்கும் என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் லாபம். ஒருநாள் திருத்திச் சொன்னால் மறுநாள் மறந்துவிடும். பயத்தில் கண் தானாகவே வலது பக்கம் ஓடும். கொஞ்சநாளில் நான் வாயையே திறக்காமல் விட்டேன். எழுத்து வராத பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி என்ன பலன் என்று வாப்பா கேட்கத் தொடங்கினார்.

தெருவில் பிள்ளைகள் "லாபம், லாபம்" என்று என்னைத் துரத்தினது மாமியின் காதில் விழுந்திருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டது, எனக்குத் தமிழ் படிப்பிக்கவா என்றல்ல. தனக்கு அரபு எழுத்துப் படிக்க ஆசை, பிள்ளையை அனுப்ப முடியுமா என்று. உம்மா திகைத்துப்போய், "ஓதுற எழுத்த எச்சில் தொட்டு அழிக்கப் படாது" என்று மட்டும் சொன்னா. மாமி அதற்கென்று தனிச் சிலேட்டு ஒன்றும், துவைத்த வெள்ளைத் துணி ஒன்றும், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார். அந்தத் துணியை வேறு எதற்கும் தொட்டதில்லை.

நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மாமி இடது பக்கமிருந்து வாசித்தார். பிழை என்றேன். மறுபடியும் இடது பக்கம். மறுபடியும் பிழை. எனக்குப் பாவமாக இருந்தது. லெப்பை எனக்குச் செய்த மாதிரியே அவருடைய விரலைப் பிடித்து வலது பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அவர் யோசித்தார்.

"அப்ப இந்த வீட்டுக்கு வாசல் இந்தப் பக்கமோ?"

ஓம் என்றேன். எதிர்வீடுகள் என்றாலும் எங்கள் வீட்டுக் கதவு வலது கோடியில் இருந்தது, அவர்கள் வீட்டுக் கதவு இடது கோடியில். மாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறதே என்றார். விரல் உதட்டுக்குப் போய்விட்டது. நான் அவர்கள் வீட்டுக் கதவைப் பார்த்தேன், எங்கள் கதவைப் பார்த்தேன். பிறகு சிலேட்டின் இடது ஓரத்தைத் தொட்டேன். "பலா" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"ஓம். அதுதான் சரி" என்றார் மாமி. "லாபத்திலை எங்கை சுளை இருக்கு?"

எத்தனையோ வருஷம் போய்விட்டது. அந்த ஒரு மத்தியானத்தில் என் நெஞ்சு விம்மினது போல என் கலியாணத்தன்றும் விம்மவில்லை.

மகய்யாவையில் இருந்து ஒரு பையன் வருவான். அவனுடைய அப்பா நகரசபையில் தெருக்கூட்டும் வேலை. எண்ணிக்கை அவனுக்குப் பிடிபடாது. விரலை எண்ணச் சொன்னாலே அழுதுவிடுவான். மாமி அவனிடம் எண்ணைப் பற்றியே பேசவில்லை. எங்களுக்குத் தின்ன ஏதும் தரும்போது பீங்கானை ஒன்று குறைத்து வைப்பார். குறைந்தது எப்போதும் அவன் முன்னால் இருக்காது. வேறு யாராவது பிள்ளை முன்னால் வெறும் பாய் இருக்கும். அவன் கொஞ்சநாள் பேசாமல் பார்த்தான். பிறகு ஒருநாள் மெதுவாக, "ஒண்ணு கொறையுதுங்க மாமி" என்றான். மறுநாள் இரண்டு குறைந்தது. அதற்குப் பிறகு அவன் வாசலில் நுழையும்போதே தலைகளை எண்ணிக்கொண்டுதான் நுழைவான். அடுத்தவன் பசியைக் காட்டிப் படிப்பித்தால் யாருக்குத்தான் கணக்கு வராது?

எனக்குப் பெரிய தலைவலி கொம்பு. கெ, கே, கொ, கோ எல்லாவற்றிலும் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் சத்தம் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வரும். மாமியும் தனக்கும் அந்த அநியாயம் விளங்கவில்லை என்றார். பெரஹர ஊர்வலம் பார்க்கப் போனபோது என் பக்கத்தில் நின்று, சாட்டை அடித்துக்கொண்டு முதலில் வந்த ஆட்களைக் காட்டி, "உவைதான் யானையோ?" என்று கேட்டார். இது சாட்டைக்காரர், யானை பின்னால் வரும், இவர்கள் வழிவிடச் சொல்லி முன்னால் வருகிறார்கள் என்று நான் விளக்கினேன். விளக்கிக்கொண்டு இருக்கும்போதே கொம்பு எனக்கு விளங்கிவிட்டது. சனக்கூட்டத்தின் நடுவில் நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருத்தி பயந்துபோனா.

இதையெல்லாம் சொல்லும்போது மாமியை ஏதோ வேடிக்கையான மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் எனக்குப் பயமும் இருந்தது.

முன் அறையில் கை வைத்த பெரிய கதிரை ஒன்று இருந்தது. கறுத்து, வழவழத்து, சுவரோடு ஒட்டி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. அதில் ஒருவரும் உட்காருவதில்லை. புருஷர்கூட நீள மர வாங்கில்தான் இருப்பார். பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிப் பாயில் இருப்போம். மாமி எங்களுக்கு எதிரில், அதைப் பார்த்தபடி. ஒருமுறை கேட்டுவிட்டேன், ஏன் சும்மா கிடக்கிற கதிரையில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று.

"அது ஐயாவின்ரை. அவர் இருந்து பாக்கட்டும்" என்றார்.

ஐயா என்றது அவருடைய தகப்பனாரை. அவர் எப்போதோ செத்துப்போனார் என்று பிறகு உம்மா சொன்னா. அதைக் கேட்ட நாளில் இருந்து அந்த அறையில் என் முதுகு கூசும்.

இன்னொன்று. எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் கடல் படம் போட்ட பக்கம் ஒன்று இருந்தது. கடலில் ஒரு தோணி. கண்டிப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் அதிசயம். அந்தப் படத்தைப் பார்க்க எங்களுக்கு ஆசை. மாமி அந்தத் தாளையும் அடுத்த தாளையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிடுவார். இதுவும் வழக்கமான பிழைதான் என்று எண்ணி, மாமி ஒரு பக்கத்தை விட்டுவிட்டார் என்று நான் வெற்றியோடு சொன்னேன். கோழிக்கு நாலு கால் என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்ட மனுஷி, இதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது எங்களுக்கு வேண்டாம் என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் என் மனதில் தங்கினது ராத்தாவின் விஷயம். என் மூத்த சகோதரி ராத்தா நல்ல கெட்டிக்காரி. மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றா. மாமி என்னிடம் ஏதோ ஒரு சொல்லைக் கேட்டு விரலை உதட்டில் வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு வந்துவிட்டது, வாய்வரைக்கும் வந்துவிட்டது. ராத்தா பொறுமை இழந்து முந்திக்கொண்டு சொல்லிவிட்டா.

மாமி எழும்பின வேகத்தில் சிலேட்டு விழுந்து உடைந்தது. ராத்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன்னை ஆர் கேட்டது? அவளின்ரை வாய் அசைஞ்சதை நீ காணேல்லையோ?" என்றார். அந்தக் குரல் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்காத குரல். ராத்தா அழுதுகொண்டு மழைக்குள் ஓடினா. மாமி கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பனங்கட்டியை ஓலையில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ராத்தாவின் கையில் வைத்தார். கெட்டிக்காரியாக இருப்பது பிழையில்லை, ஆனால் தங்கச்சிக்கு முந்தாதே என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். ராத்தா அந்தப் பனங்கட்டியைத் தின்னவே இல்லை. அலுமாரியில் கிடந்து எறும்பு மொய்த்தது.

நான் பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றது. ஆனாலும் எழுத்து என்னோடு வந்தது. கெலிஓயாவில் ஒரு கடைக்காரருக்குக் கலியாணம் கட்டிக்கொடுத்தார்கள். மாமியின் புருஷர் பென்ஷன் எடுத்த கையோடு காலமானார். இனி மாமி ஊருக்குப் போவார் என்று தெருவே எதிர்பார்த்தது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் எல்லாரும் கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள்தான். மாமி போகவில்லை. புருஷரின் தமக்கை மகன், மருமகன் முறை, வந்து கூப்பிட்டும் போகவில்லை. கண்டி மழையில் மூட்டு வலித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடந்தார்.

என் மகனுக்கு எழுத்து ஏறவில்லை. என்னைப் போலத்தான் என்று மாமியார் வீட்டில் சாடை பேசினார்கள். கொம்பு வந்தால் அவனுக்கு நாக்குக் கட்டிவிடும். பெரியவாத்தியார் என் புருஷரைக் கூப்பிட்டு, விடுமுறை முடிந்ததும் பையனை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன், வாசிக்காவிட்டால் கடையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். என் புருஷருக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. கடைக்கு ஆள் தேவைதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளை, சாப்பிடும்போதும் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்கு வந்தேன்.

மாமி மெலிந்துபோயிருந்தார். பையனை மேலும் கீழும் பார்த்தார். அவன் வயதுக்கு அவன் சிறியவன். நெற்றியில் முடி விழும். அவனைத் தெருவில் விளையாட அனுப்பிவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். எழுத்து வராத பிள்ளை. தகப்பனார் பின்னேரங்களில் அந்தக் கதிரையில் இருந்து, பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு அவனிடம் கேள்வி கேட்பாராம். மாமி கதவுக்குப் பின்னால் நின்று முந்திச் சொல்லிவிடுவாராம். பெண்பிள்ளைக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா என்று அவனுக்கு அடி விழும். சின்ன வயது, தனக்குத் தெரியும் என்று காட்டுகிற ஆசை. அது தனக்கு விளையாட்டாக இருந்தது என்றார்.

"அண்டைக்குத் தோணி எண்ட சொல். அவன் 'தோ' எண்டு தொடங்கினவன், பிள்ளை. வாய் அசைஞ்சது. நான் கண்டனான். கண்டு கொண்டுதான் முந்தினனான்."

அவன் அடியை வாங்கிக்கொண்டு மாமியை ஒருதரம் திரும்பிப் பார்த்தானாம். பிறகு கடற்கரைப் பக்கம் போயிருக்கிறான். கண்டவர்கள் இல்லை. ஊர்க் கிணறுகள் எல்லாவற்றிலும் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். இந்தியாவுக்குப் போன வள்ளத்தில் ஏறினான் என்று சிலர் சொன்னார்கள். அவ்வளவுதான்.

"ஐயா சாகுமட்டும் அவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டுதான் நினைச்சவர்" என்றார் மாமி. "தெரியுமெண்டது எனக்கு மட்டும்தான் தெரியும்."

நான் அந்தக் கதிரையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

பாடம் தொடங்கினது. மாமி பழையபடி பிழை விட்டார். பையன் முதலில் பேசாமல் இருந்தான், பிறகு முணுமுணுத்தான், பிறகு உரக்கச் சொன்னான். "கிளி" என்பதை மாமி "ளிகி" என்று வாசித்தபோது, "பிழ மாமி. வாசல் இந்தப் பக்கம்" என்று அவருடைய விரலைப் பிடித்து நகர்த்தினான். வாசல் கதையை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மாமியைப் பார்த்தேன்.

அவருடைய விரல் உதட்டில் இல்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. நான்தான் பிழை என்று அவர் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்கு அவர் வெள்ளியை வியாழன் என்றது, என்னை ராத்தாவின் பெயரால் கூப்பிட்டது, அடுப்பை மூட்டாமல் உலைநீர் வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேறு யாராக இருந்தாலும் தெரு எப்போதோ கண்டுபிடித்திருக்கும். வாழ்நாள் முழுக்கப் பிழை விட்ட மனுஷியிடம் இது எந்தப் பிழை என்று யாருக்குத் தெரியும்? எது கடைசியாக வேண்டுமென்று விட்டது, எது முதலில் தானாக வந்தது என்பதை நான் இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன். அந்த எல்லை எனக்குப் பிடிபடவில்லை.

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். "புள்ளய இனி அங்க விடாத மகள்" என்று உம்மா சொன்னா. ஆனால் பிள்ளை நிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருந்தான். மாமிக்கு நான்தான் படித்துக் கொடுக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். அது உண்மையாகவும் இருந்தது. இன்றைக்குச் சொல்லிக் கொடுத்த எழுத்து நாளைக்கு மாமிக்கு இருக்காது. அவன் அலுக்காமல் மறுபடியும் சொல்வான். சொல்லச் சொல்ல அவனுக்குப் பதிந்தது. சாட்டைக்காரன் முன்னால் வருவான், யானை பின்னால் வரும் என்று மாமியின் வித்தையை மாமிக்கே விளக்குவான். அவர் அதை முதல்தடவை கேட்கிறவர் போலத் தலையாட்டிக் கேட்பார். அவரிடமிருந்து போகிற எழுத்துத்தான் இவனிடம் வந்து சேருகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம் வரும். பைத்தியக்கார எண்ணம்தான். ஆனால் அதைத் தள்ள முடியவில்லை. நான் மாமிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன், பிள்ளையை அங்கேயே விட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்க முந்தின நாள் மத்தியானம் நல்ல மழை. மூன்று பேரும் முன் அறையில் இருந்தோம். பையன் கதிரைக்கு முதுகைக் காட்டி; மாமி எதிரில்; நான் சுவரோரம் அவருடைய சட்டையைத் தைத்துக்கொண்டு. மாமி தானாகவே புத்தகத்தை எடுத்தார். மெதுவாகத் தாளைப் புரட்டிக்கொண்டு வந்தார். கடல் படம் வந்தது. புரட்டிவிடுவார் என்று பார்த்தேன். அவர் தாளை நீவி விரித்து, பிள்ளையின் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, பல நாளாக மடியில் கிடந்த கை எழும்பினது. இரண்டு விரல் உதட்டுக்குப் போய் அழுத்தின. விரலுக்குப் பின்னால் இருந்தே பேசினார்.

"நீ ஆறுதலாச் சொல்லு, தம்பி. நான் முந்தமாட்டன்."

அவர் யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பையனுக்குத் தெரியாது, அவனையும் பெரியவர்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் குனிந்து பார்த்தான். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. அவனுக்கு ஆகக் கஷ்டமான இனம். மழை கூரையில் கொட்டினது. எனக்கு அந்தச் சொல் நாக்கின் நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் என்ன, நாளைக்கு வாசிக்க வேண்டிய பிள்ளைதானே என்று மனம் அடித்துக்கொண்டது. நான் தைப்பதை விட்டுவிட்டு என் இரண்டு விரலை என் உதட்டில் வைத்து அழுத்தினேன். அப்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு பாடு என்று. இத்தனை வருஷமும் இதைச் செய்திருக்கிறார்.

"தோ" என்றான் பையன். நிறுத்தினான். மூச்சு வாங்கினான். மாமியின் கண் அவனுடைய வாயை விட்டு அசையவில்லை.

"ணி" என்றான். "தோணி. தோணி மாமி."

மாமியின் விரல் இறங்கினது. முகம் நனைந்திருந்தது. அவர் பிள்ளையின் தலையில் கையை வைத்து, அவனுக்கு மேலால் கதிரையைப் பார்த்தார்.

"பாத்தீங்களே ஐயா" என்றார். "அவனுக்குத் தெரியும்."

பையன் திரும்பிக் கதிரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, யாரு உம்மா என்று கேட்டான்.

பெரியவாத்தியார் முன்னால் அவன் வாசித்தான். தட்டுத் தடுமாறி என்றாலும் வாசித்தான். கடை அவனுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. இதைச் சொல்ல ஓடி வந்தபோது மாமிக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அவர் பிறகு பிழை விடவும் இல்லை. பேச்சே இல்லாமல் சிரித்த முகமாக இருந்தார். அந்த மழைக்காலம் முடியுமுன் கண்ணை மூடிவிட்டார். மருமகன் வந்து சாமான்களை ரயிலில் ஏற்றினான். கதிரையை மட்டும் வேண்டாம் என்று வாசலில் போட்டுவிட்டுப் போனான். உம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. மழையில் நனைந்து கிடந்தது, ஒருநாள் காணவில்லை.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். பின்னேரங்களில் கடையில் தன் வாப்பாவுக்குப் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறான். கொம்பும் காலும் அவனிடம் வாலாட்டுவதில்லை. வாசித்து முடித்து, தாளை மடித்து வைத்துவிட்டு, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பான். அங்கே சுவர்தான் இருக்கும்.